திருவண்ணாமலையில் மூன்று நாள் தனித்திருக்கத் திட்டமிடுவது எப்படி?

ஓய்வுக்காகவும் தம் வாழ்வை நின்று நிதானித்து எண்ணிப் பார்ப்பதற்காகவும் சில நாள் தனித்திருக்க விரும்புவோர் பெரும்பாலும் இடத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். திருவண்ணாமலையைப் பொறுத்தவரை முதலில் முடிவு செய்ய வேண்டியது நாள். பௌர்ணமியன்றும் கார்த்திகை தீபத்தின்போதும் கிரிவலத்திற்கு இலட்சக்கணக்கானோர் திரளும் ஊரில் அமைதியை எதிர்பார்க்க இயலாது; ஏப்ரல், மே மாதங்களில் மலைப்பாதையின் பாறைகள் காலை கழியும் முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். ஆகவே பௌர்ணமியை ஒட்டாத வார நாட்களில், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் செல்வதே நல்லது என்பது என் கருத்து.

ரமணாசிரமத்தில் தங்க விரும்பினால் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். இடம் கிடைக்காவிட்டால், அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே, செங்கம் சாலைப் பக்கமாக ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டாரிடம் நேரடியாகச் சொல்லிவிடுவது மிக முக்கியம். தனியாகப் போகிறேன் என்றதும், குறிப்பாகப் பெண்கள் சொல்லும்போது, ஏதோ மனக்கசப்பு என்றே பலர் எண்ணிக்கொள்வார்கள். எங்கே தங்குவீர்கள், எந்த நேரத்தில் அழைப்பீர்கள் என்பதைத் தெளிவாகக் கூறிவிட்டால், மற்ற நேரங்களில் கைபேசியை அணைத்து வைக்க மனம் உறுத்தாது. ஆனால் கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள் தனியே செல்ல வேண்டாம். மருத்துவரைப் பார்ப்பதே அவர்களுக்கு முதல் தேவை.

முதல் நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கணக்கில் ஓடிக் களைத்த உடம்பு கிடைத்த நேரமெல்லாம் தூங்கவே விரும்பும். வந்த நோக்கம் வீணாகிறதே என்று வருந்தாமல் அதைத் தூங்க விட வேண்டும், ஏனெனில் களைப்பு நீங்காத மனத்தில் எழும் எண்ணங்கள் பெரும்பாலும் புலம்பலாகவே முடிகின்றன.

இரண்டாம் நாள் காலையில், ஆசிரமத்தின் பின்புறம் தொடங்கும் பாதையில் கந்தாசிரமத்திற்கு ஏறலாம். ரமணர் 1916 முதல் 1922 வரை அங்கே வாழ்ந்தார்; அதற்கு முன் பல ஆண்டுகள் தங்கியிருந்த விரூபாட்சி குகை சற்றுக் கீழே உள்ளது. குரங்குகள் மிகுதி என்பதால் தின்பண்டம் எதையும் கையில் எடுத்துச் செல்லக் கூடாது. தண்ணீர் மட்டும் போதும். இறங்கிய பின் ஆசிரமத்தின் பழைய ஹாலில் பேச்சின்றி அமர்ந்திருக்கலாம்.

எண்ணிப் பார்ப்பதற்கு ஒரே ஒரு கேள்வியை, புறப்படுவதற்கு முன்பே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வேலையை விடலாமா என்பதாகவோ, பேச்சு முறிந்த உடன்பிறப்பை மீண்டும் அணுகலாமா என்பதாகவோ அது இருக்கலாம். மாலைப் பாராயணத்தைக் கேட்டுவிட்டு வந்து, தோன்றியதைக் கையால் எழுதுங்கள்; விடை காண வேண்டுமென்று மனத்தை நெருக்காதீர்கள்.

சுமார் 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலத்தை மூன்றாம் நாள் விடியற்காலையில் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். இயலாதவர்கள் அதை விட்டுவிடுவதில் குறையொன்றும் இல்லை. நண்பகலுக்கு மேல் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்புங்கள். மறுநாளுக்கும் விடுப்பு எடுத்திருப்பது அவசியம். குறிப்பேட்டில் எழுதியதை ஒரு வாரம் கழித்து மீண்டும் படித்த பிறகே, அதுபற்றிய முடிவை வீட்டில் பேசத் தொடங்க வேண்டும்.