கார்கில்ஸ் கட்டடத்தின் வளைவு வரிசையை இன்க்ஸ்கேப்பில் வரைவது

கொழும்புக் கோட்டையில், யோர்க் வீதியில் நிற்கும் 1906ஆம் ஆண்டுச் சிவப்புக் கார்கில்ஸ் கட்டடம் பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தில் இருப்பவை சிறிதாகத் தெரியும்படி வரைவது) பழக நல்ல மாதிரி. மூலைக்கு எதிரே நின்றால் இரண்டு சுவர்களும் தெரியும்; நடைபாதையோரம் வளைவுகள் வரிசையாக ஓடும். கை சறுக்குவது அந்த வரிசையில்தான். தூண் இடைவெளியைக் கண்ணளவாகக் குறைத்துக்கொண்டே போனால், நாலைந்து தூண் தாண்டியதும் சுவர் வளைந்ததுபோல ஆகிவிடும். கணக்கை மென்பொருளிடம் விடுவதே சுகம். இன்க்ஸ்கேப் இலவசம், கீழே சொல்வதற்கு அது போதும்.

முதலில் ஒரு படம் எடுங்கள். போனை நேராக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கூரை தெரியவில்லையே என்று மேலே சாய்த்தால் நிலைக்குத்துக் கோடுகள் உச்சியில் ஒடுங்கி, இரு சுவர்களுக்கும் உரிய இரண்டோடு மூன்றாவது மறைபுள்ளியும் (இணைகோடுகள் தூரத்தில் ஒன்றுகூடுவதுபோலத் தெரியும் இடம்) வந்துவிடும். பின்னால் போய் நின்று எடுங்கள், 0.5 வைட் லென்ஸ் வேண்டாம். இந்தப் படம் வளைவுகளை எண்ணவும் தூணின் பருமன் பார்க்கவும் மட்டுமே, மேலே வைத்துக் கோடு இழுக்க அல்ல.

ஏ4 தாளைக் கிடையாக வையுங்கள் (297 × 210 மி.மீ.). அடியிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் கண்மட்டக் கோடு. தாளின் நடுவில், அதாவது 148 மி.மீ. இல், கட்டடத்தின் மூலைக் கோடு. அதன் அடியைக் கண்மட்டத்துக்கு 16 மி.மீ. கீழே வைத்தால் ஒரு வசதி: நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரம். ஆகவே அந்த மூலையில் 10 மி.மீ. என்பது 1 மீட்டர். கதவு, பலகை எல்லாவற்றின் உயரத்தையும் அந்தக் கோட்டில் அளந்து, மறைபுள்ளியை நோக்கி இழுத்துக்கொள்ளலாம்.

மறைபுள்ளிகளைத் தாளுக்குள் அடக்கப் பார்க்காதீர்கள். புதிதாக வரைபவர்களின் படங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டையும் தாளின் இரு ஓரங்களில் வைத்தால் பார்வைக் கோணம் 90 பாகையாகி மூலை கப்பலின் முனைபோலப் பாய்ந்து வரும். கண்மட்டக் கோட்டின் மேலேயே, நடுவிலிருந்து இடப்பக்கம் 250, வலப்பக்கம் 560 மி.மீ. தள்ளி வையுங்கள், கோணம் ஏறத்தாழ 43 பாகைக்கு இறங்கும். வேறு திருப்பம் வேண்டுமானால் இரண்டு தூரங்களின் பெருக்கம் 140,000 அளவில் இருக்கட்டும்: 200க்கு 700, 375க்கு 375. ஒன்று கிட்டே வந்தால் மற்றது எட்டப் போக வேண்டும்.

இனி வலப்பக்கச் சுவர். மூலையின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் வலது மறைபுள்ளிக்குக் கோடு இழுத்து, சுவர் முடியும் இடத்தில் ஒரு நிலைக்குத்துக் கோடு போடுங்கள். அந்த முடிவைக் கண்ணளவில் வைக்கலாம். சற்றுத் தவறினால் கட்டடம் நீளமாகவோ குட்டையாகவோ தெரியும், அவ்வளவுதான். தூண் வரிசை குலையாது.

அதே சுவரை வேறோர் இடத்தில் தட்டையாக, நேர்முகமாக வரையுங்கள். ஒரு வளைவை வரைந்து, சம இடைவெளியில் நகல் எடுத்தால் போதும். சுற்றிலும் சுவரின் வெளிச் செவ்வகத்தைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் வளைவுகளே முழுச் சுவரையும் நிரப்ப இழுபட்டுவிடும். எல்லாவற்றையும் பாத் (புள்ளிகளால் ஆன கோட்டுருவம்) ஆக மாற்றி (ஷிஃப்ட் + கண்ட்ரோல் + சி), கண்ட்ரோல் + கே கொடுத்து ஒன்றாக்குங்கள்.

அடுத்து, ஸ்னாப்பிங்கை (புள்ளிகளில் தானாக ஒட்டவைப்பது) போட்டுவிட்டு, பென் கருவியால் பெர்ஸ்பெக்டிவ் சுவரின் நான்கு மூலைகளையும் இந்த ஒழுங்கில் சொடுக்குங்கள்: கீழ் இடது, மேல் இடது, மேல் வலது, கீழ் வலது. பிறகு முதல் புள்ளியில் சொடுக்கி மூடுங்கள். ஒழுங்கு மாறினால் சுவர் தலைகீழாகவோ பக்கம் புரண்டோ வரும். தட்டைப் படத்தை முதலில் தெரிந்து, ஷிஃப்டை அழுத்தியபடி நாற்கோணத்தைச் சேர்த்து, எக்ஸ்டென்ஷன்ஸ் > மாடிஃபை பாத் > பெர்ஸ்பெக்டிவ். தூண்கள் தாமாகவே நெருங்கி நிற்கும். இடப்பக்கச் சுவருக்கும் இதே வேலை. அங்கே கீழ் இடது மூலை என்பது தூர ஓரம் என்பதை மறக்க வேண்டாம். நிறம் தீட்ட, ஷிஃப்ட் + கண்ட்ரோல் + கே மூலம் மறுபடி பிரித்துக்கொள்ளுங்கள்.

வளைவு மட்டும் உச்சியில் சற்று நசுங்கியதுபோல வந்தால் நோட் (பாத்தில் உள்ள புள்ளி) போதவில்லை. இந்த எக்ஸ்டென்ஷன் நோட்களையும் கைப்பிடிகளையும்தான் நகர்த்துகிறது, இடையிலுள்ள கோட்டை அல்ல. அன்டூ செய்து, நோட் கருவியில் வளைவின் நோட்களைத் தெரிந்து இன்சர்ட் விசையை ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். கோட்டின் தடிப்பும் தூரத்தோடு குறையாது. குறைய வேண்டுமானால் பெர்ஸ்பெக்டிவுக்கு முன்பே ஸ்ட்ரோக் டு பாத் (கண்ட்ரோல் + ஆல்ட் + சி).

மும்மொழிப் பெயர்ப்பலகையும் இப்படித்தான். பாத் ஆக்கிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் ளகர, ழகரங்களை முதலே சரிபாருங்கள்.

அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் இருந்தால் ஷிஃப்ட் + பி பெர்ஸ்பெக்டிவ் கிரிட்டை (வழிகாட்டும் கட்டக் கோடுகள்) தரும். 1, 2, 3 விசைகள் இடச்சுவர், தரை, வலச்சுவர். ஆனால் ஒரு கோப்புக்கு ஒரே கிரிட்தான்.

தெருவில் கோணலாக நிறுத்திய ஓட்டோவுக்குக் கட்டடத்தின் மறைபுள்ளிகள் சரிவராது. அதே கண்மட்டக் கோட்டில் அதற்கென்று வேறு இரண்டு புள்ளிகள் வையுங்கள். பெருக்கம் அதே 140,000.