சிங்கப்பூரின் கேலாங்கில் ஒரு படுக்கையறைக் கூட்டுரிமை வீடு (கொண்டோமினியம்) வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேலாங்கில் வீடு பார்க்கிறோம் என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது இன்றும் நடக்கிறது. ரகசியக் கும்பல், சூதாட்டம், விபசாரம் என்று அந்தப் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்தவற்றில் சில இன்னும் முழுதாக விலகிவிடவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதே கேலாங்கில்தான் நள்ளிரவுக்குப் பிறகும் சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைப்பதில்லை. டுரியான் பருவத்தில் நடைபாதை முழுதும் மணக்கிறது. அல்ஜூனிட் நிலையத்தில் ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் சிட்டி ஹால். சிவன் கோயிலும் அருகில், கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2இல் இருக்கிறது. என் தங்கைக்காக இங்கே பல மாதங்கள் வீடு தேடியபோது கற்றுக்கொண்டதை, இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் லோரோங்கை, அதாவது கிளைத்தெருவை, தேர்ந்தெடுங்கள். வீட்டை அதன் பிறகு பார்க்கலாம். கேலாங் ரோட்டின் வட பக்கத்தில் ஒற்றைப்படை எண் கொண்ட லோரோங்குகளும், தென் பக்கத்தில் இரட்டைப்படை எண் கொண்டவையும் உள்ளன. சிவப்பு விளக்குத் தொழில் பெரும்பாலும் இரட்டைப்படை லோரோங்குகளில், அதிலும் சிறிய எண்களில்தான் நடந்துவந்திருக்கிறது. நகர மறுசீரமைப்பு ஆணையம் 2015இல் கேலாங் ரோடு, லோரோங் 22, கில்லிமார்ட் ரோடு, லோரோங் 4 ஆகியவற்றுக்கு இடைப்பட்ட பகுதியைக் குடியிருப்பு அனுமதியிலிருந்து நீக்கி, வணிகத்துக்கும் சமய, சமூக நிலையங்களுக்கும் உரியதாக மாற்றியது. ஏற்கெனவே அங்கிருக்கும் வீடுகளில் தொடர்ந்து குடியிருக்கலாம். ஆனால் கட்டடத்தை இடித்தால் மீண்டும் வீடுகளைக் கட்ட முடியாது. "பிற்காலத்தில் 'என் பிளாக்' விற்பனை (கட்டடம் முழுவதையும் மொத்தமாக விற்பது) வரும், நல்ல விலை கிடைக்கும்" என்று முகவர் சொல்லும்போது இதைத்தான் நினைவில் கொள்ள வேண்டும். ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். முகவரியைத் தட்டி, வரைபடத்தில் அந்த நிலத்துக்கும் அடுத்தடுத்த நிலங்களுக்கும் உரிய நிறத்தை (அதுதான் நிலத்தின் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டைக் காட்டும்) பார்த்த பிறகே வீட்டைப் பார்க்க நேரம் கேளுங்கள்.

வீட்டை மூன்று வேளைகளில் பாருங்கள். முகவர் அழைத்துச் செல்வது பெரும்பாலும் சனிக்கிழமை முற்பகலாக இருக்கும். அந்நேரத்தில் எந்த லோரோங்கும் அமைதியாகத்தான் இருக்கும். வேலைநாளில் இரவு 11 மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து கட்டடத்தின் வாசல் வரை தனியாக நடந்து பாருங்கள். வீட்டில் குடியேறப்போவது பெண் என்றால், அவரே நடந்து பார்த்து முடிவு செய்வதுதான் முறை. அவருக்காக அண்ணனோ அப்பாவோ முடிவு செய்வது சரியல்ல. 2015 முதல் கேலாங் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாக உள்ளது. சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. ஆகவே வார இறுதி இரவை மட்டும் பார்த்துவிட்டு ஒரு தெருவின் குணத்தை முடிவு கட்டாதீர்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு வீட்டைக் கைவிட வைத்தது ஒரு தகரக் குழாய். மூன்றாம் மாடி, நல்ல வெளிச்சம், பளபளப்பான புதிய சமையலறை. பகலில் பார்த்தபோது படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே பின்சந்து வழியாக ஒரு குழாய் மேலே ஏறுவதைக் கவனித்தோம், ஆனால் பொருட்படுத்தவில்லை. இரவு 9 மணிக்கு மறுபடியும் போனபோது கீழ்த்தளச் சமையற்கடையின் புகை அந்தக் குழாய் வழியே வந்துகொண்டிருந்தது. சன்னல் விளிம்பைத் தொட்ட என் தங்கையின் விரலில் மஞ்சளாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. பின்சந்தை எட்டிப் பார்க்காமல் இங்கே எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அளவு நாடா கட்டாயம் கொண்டுபோங்கள். விளம்பரத்தில் 41 சதுர மீட்டர், அதாவது சுமார் 441 சதுர அடி என்று இருந்தால், அவ்வளவும் கால் வைத்து நடக்கக்கூடிய இடம் என்று எண்ண வேண்டாம். 2023 ஜூன் மாதத்துக்கு முன்பு திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்த கட்டடங்களில் ஏசியின் வெளிப்புற இயந்திரத்தை வைக்கும் வெளித்திட்டும் வீட்டின் பரப்பில் சேர்ந்திருக்கும். உயரமான கூரையுள்ள வீடுகளில் தலைக்கு மேலுள்ள வெற்றிடமும் அப்படியே சேர்க்கப்பட்டிருக்கலாம். தரைப்படத்தை வாங்கி இவற்றைக் கழித்துப் பாருங்கள். படுக்கையறையில் 152 சென்டிமீட்டர் அகலக் கட்டிலைப் போட்ட பிறகு அலமாரிக் கதவு முழுதாகத் திறக்குமா, துணி காய வைக்க இடம் எங்கே என்பவையெல்லாம் குடிபோன முதல் வாரத்திலேயே எழும் கேள்விகள்.

அடுத்து, பலரும் தவறவிடும் விஷயம் பராமரிப்புக் கட்டணம். இக்கட்டணம் வீட்டின் பரப்பை வைத்து அல்லாமல், வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு மதிப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. வழக்கமான முறைப்படி 50 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு 5 பங்கு, 51 முதல் 100 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டுக்கு 6 பங்கு. 41 சதுர மீட்டர் வீட்டின் உரிமையாளர், தம்மைவிட இரு மடங்குக்கும் மேல் பெரிய வீட்டில் இருப்பவர் கட்டுவதில் ஆறில் ஐந்து பங்கைக் கட்டுகிறார். கேலாங்கின் கட்டடங்கள் பலவற்றில் வீடுகளின் எண்ணிக்கையும் குறைவு. மின்தூக்கி, நீச்சல்குளம், இயந்திர வாகன நிறுத்தம் ஆகியவற்றின் செலவை இருபது முப்பது குடும்பங்களே பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். தங்கை வாங்கிய கட்டடத்தில் இரண்டாம் ஆண்டே தண்ணீர்ப் பம்பு பழுதாக, சேமிப்பு நிதி போதாமல் எல்லாரிடமும் தனியாகப் பணம் திரட்டினார்கள். கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பையும் கணக்கையும் நாங்கள் முன்பே கேட்டு வாங்கிப் படித்திருந்தால், அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்திருக்கலாம். விற்பவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு நிர்வாகக் கழகத்திடம் இவற்றைக் கேளுங்கள்.

இனிப் பணம். 850,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆப்ஷன் பணம் (வீட்டை உங்களுக்கென ஒதுக்கி வைக்கக் கொடுக்கும் முன்பணம்) வழக்கமாக 1%, அதாவது 8,500 வெள்ளி. வழக்கமாக 14 நாள்களுக்குள் மேலும் 4%, அதாவது 34,000 வெள்ளி கொடுத்து வாங்குவதை உறுதி செய்ய வேண்டும். முதல் வீட்டுக் கடனாக இருந்து, கடன் 30 ஆண்டுகளுக்குள்ளும் உங்கள் 65 வயதுக்குள்ளும் முடியுமானால் வங்கி 75% வரை தரலாம். மீதி 25 விழுக்காட்டில் 5% ரொக்கமாகவே இருக்க வேண்டும். எஞ்சிய 170,000 வெள்ளிக்கு மத்திய சேம நிதியைப் பயன்படுத்தலாம். எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணைகள் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வாங்குவோர் முத்திரைத் தீர்வை 20,100 வெள்ளி. கூடுதல் முத்திரைத் தீர்வை, முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு இல்லை. நிரந்தரவாசிகளுக்கு 5%, வெளிநாட்டவருக்கு 60%. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அரசு வீடு ஏற்கெனவே உங்கள் பெயரில் இருந்தால் இது இரண்டாம் வீடு. குடிமக்களுக்கே 20%, அதாவது இன்னொரு 170,000 வெள்ளி ஆகும். வீவக வீட்டில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குத்தகை வீடு என்றால், மீதமுள்ள ஆண்டுகள் உங்களை 95 வயது வரை கொண்டுசெல்லுமா என்று கணக்கிடுங்கள். இல்லையென்றால் சேம நிதியில் எடுக்கக்கூடிய தொகை குறையும். கேலாங்கில் நிரந்தர உரிமையுள்ள சிறு கட்டடங்கள் நிறைய உண்டு என்பது இந்த வகையில் ஒரு வசதி. ஆனாலும் சில லோரோங்குகளுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கக்கூடும். ஆகவே முழு முகவரியைக் கொடுத்து, இந்த வீட்டுக்கு எவ்வளவு மதிப்பிடுவீர்கள் என்று இரண்டு வங்கிகளிடமாவது கேட்டுப் பதில் வாங்கிய பிறகே ஆப்ஷன் பணம் கொடுங்கள்.

விலை பேசுவதற்கு முன், அதே கட்டடத்தில் கடந்த 5 ஆண்டுகளில் நடந்த விற்பனைகளை மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையப்பக்கத்தில் பாருங்கள்; ஒரே அளவு வீடுகளின் மொத்த விலையை ஒப்பிடுவதே நல்லது, ஏனெனில் சிறிய வீடுகளில் சதுர அடி விலை எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். முகவரின் பதிவை சொத்து முகவர் மன்றத்தின் பட்டியலில் சரிபாருங்கள். ஒரே முகவர் இரு தரப்புக்கும் செயல்படச் சட்டம் இடம் தருவதில்லை.

வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் ஒருவருக்கு 3 மாதத்துக்குக் குறைவாக விடக்கூடாது; சொத்து வரியும் குடியிருப்பவருக்கான விகிதத்திலிருந்து உயர்ந்து 12 விழுக்காட்டில் தொடங்கும். நான்கு ஆண்டுகளுக்குள் விற்றால் விற்போர் முத்திரைத் தீர்வை உண்டு; முதல் ஆண்டிலேயே விற்றால் 16%.

சாவி வாங்கும் நாளுக்கு முன் கடைசியாக ஒருமுறை வீட்டுக்குப் போங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்கடியில் கை வைத்து ஈரம் பாருங்கள். குளிர்சாதனத்தைப் போட்டு, சன்னல்களை மூடி, வெளிச்சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள்; குறை எதுவும் தென்பட்டால் படமெடுத்து அன்றே வழக்கறிஞருக்கு அனுப்பிவிடுங்கள்.