சிக்னல் போனாலும் லைவ் அறுந்து போகாமல் இருக்க: வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக மொபைல் நேரலை

சிவராத்திரிக்கு 12 சிவன் கோவில்களுக்கு ஓடிப் போய்த் தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தை யூடியூபில் லைவாகக் காட்டுபவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வருடா வருடம் கூடிக்கொண்டே வருகிறார்கள். முஞ்சிறை திருமலையில் கூட்டத்தோடு கிளம்பும்போது படம் அருமையாக இருக்கும். திற்பரப்பு தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது சிக்னல் குறையும், படம் உறையும், கொஞ்ச நேரத்தில் லைவே முடிந்துவிடும். திரும்ப ஆரம்பித்தால் அது வேறு லைவ், வேறு லிங்க். குவைத்திலும் துபாயிலும் வேலை முடித்து வந்து, 'கோவிந்தா, கோபாலா' கேட்பதற்காகவே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் புது லிங்க் போய்ச் சேர்வதில்லை. இந்த முறையை நான் விடாமல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பது அவர்களுக்காகத்தான்.

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவிலும் மண்டைக்காடு கொடையிலும் சிக்கல் வேறு மாதிரி. அங்கே டவர் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் ஒரே டவரை ஆயிரக்கணக்கான போன்கள் பிடித்துக்கொண்டிருக்கும். தீர்வு இரண்டுக்கும் ஒன்றுதான்.

போன் நேராக யூடியூபுக்கு அனுப்பக் கூடாது. போன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பட்டும், கம்ப்யூட்டர் யூடியூபுக்கு அனுப்பட்டும். வீட்டில் இருப்பது ஃபைபர் இணைப்பு, அது அசையாமல் நிற்கும். போன் பத்து நிமிடம் காணாமல் போனாலும் கம்ப்யூட்டர் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு லைவைப் பிடித்து வைத்திருக்கும். சிக்னல் வந்ததும் அதே லிங்க்கில் ஓட்டம் தொடரும்.

யூடியூபை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

சேனலில் லைவ் வசதியை முதல் முறை இயக்கும்போது 24 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் விழாவுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். லைவ் செய்பவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். மொபைல் ஆப்பிலிருந்து லைவ் போக 50 சந்தாதாரர்கள் தேவை. கம்ப்யூட்டர் வழியாகப் போக அந்த நிபந்தனை இல்லை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது பெரிய உதவி.

யூடியூப் ஸ்டூடியோவில் லைவை உருவாக்கியதும் 'ஆட்டோ ஸ்டாப்' என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். பலர் கவனிக்காத இடம் இது. அணைக்காவிட்டால் வீட்டில் ஒரு நிமிடம் நெட் போனாலும் யூடியூப் தானாகவே லைவை முடித்துவிடலாம்.

போனையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். வெளியே இருக்கும் போன் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க ஒரு முகவரி வேண்டும். இப்போது பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதனால் மோடத்தில் போர்ட் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. பழைய வீடியோக்களில் சொல்லும் 'போர்ட் ஃபார்வர்டிங்' பலருக்கு வேலை செய்யாதது இதனால்தான்.

டெயில்ஸ்கேல் என்ற ஆப் இதற்கு நல்ல வழி. சொந்த உபயோகத்துக்கு இலவசம். கம்ப்யூட்டரிலும் போனிலும் நிறுவி, இரண்டிலும் ஒரே கூகுள் கணக்கில் நுழையுங்கள். கம்ப்யூட்டருக்கு 100 என்று தொடங்கும் முகவரி ஒன்று கிடைக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். போன் எந்த ஊரில், எந்த சிம்மில் இருந்தாலும் அந்த முகவரி மாறாது.

சில நேரம் இரண்டுக்கும் நேர்வழி கிடைக்காமல் டெயில்ஸ்கேலின் இடைச் சர்வர் வழியாகப் போகும், அப்போது வேகம் குறையும். மோடத்தில் ஐபிவி6 என்ற புது வகை இணைய முகவரி இயங்கிக்கொண்டிருந்தால் நேர்வழி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஓபிஎஸ் அமைப்பது

கம்ப்யூட்டரில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற லைவ் அனுப்பும் மென்பொருளை நிறுவுங்கள், இதுவும் இலவசம். ஒரு சீன் போதும். அதில் முதலில் ஒரு 'இமேஜ்' சேருங்கள்: 'சிக்னல் இல்லை, ஓட்டம் தொடர்கிறது, லைவ் திரும்ப வரும்' என்று தமிழில் பெரிதாக எழுதிய படம். அதற்கு மேலே ஒரு 'மீடியா சோர்ஸ்' சேருங்கள். வரிசை முக்கியம், மீடியா சோர்ஸ் மேலே, படம் கீழே.

மீடியா சோர்ஸில் 'லோக்கல் ஃபைல்' டிக்கை எடுத்துவிடுங்கள். போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை அனுப்பும் முறைக்கு எஸ்ஆர்டி என்று பெயர். 'இன்புட்' பெட்டியில் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல், இந்த வரிசையில் தட்டுங்கள்: எஸ்ஆர்டி, கோலன், இரண்டு ஸ்லாஷ், 0.0.0.0, மறுபடி கோலன், 9000, கேள்விக்குறி, மோட், சமக்குறி, லிசனர். 'இன்புட் ஃபார்மட்' பெட்டியில் எம், பி, இ, ஜி, டி, எஸ் என்ற ஆறு எழுத்து. 'ரீகனெக்ட் டிலே' 10 நொடி என்று இருக்கும், 2 ஆக்குங்கள். 'ஷோ நத்திங் வென் பிளேபேக் எண்ட்ஸ்' என்பதில் டிக் இருக்கட்டும். போன் அறுந்தால் சில நொடி படம் உறைந்து நிற்கும், அப்புறம் மேலே உள்ளது மறைந்து கீழே உள்ள அறிவிப்புப் படம் தெரியும். இதற்குத் தனி பிளகின் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

ஓபிஎஸ்ஸிலிருந்து யூடியூபுக்கு 720பி, 30 பிரேம், 4000 கேபிபிஎஸ், கீபிரேம் 2 நொடி. முழு எச்டிக்கு ஆசைப்பட வேண்டாம். ரப்பர் தோட்டத்துக்குள்ளிருந்து அது ஏறாது.

போனில்

ஆண்ட்ராய்டு என்றால் ஐஆர்எல் ப்ரோ, ஐபோன் என்றால் மாப்ளின். இரண்டுக்கும் எஸ்ஆர்டி தெரியும். புது இணைப்பு ஒன்றை உருவாக்கி, முன்பு போலவே எஸ்ஆர்டி, கோலன், இரண்டு ஸ்லாஷ் போட்டு, எழுதி வைத்த 100 முகவரியையும் கோலன் 9000 என்பதையும் சேருங்கள். படம் 720பி, 2500 கேபிபிஎஸ். சிக்னலுக்கு ஏற்ப பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) தானாகக் குறையும் வசதியை இயக்கி வையுங்கள்.

'லேட்டன்சி' 2000 மில்லிநொடி வையுங்கள். வழியில் தொலைந்த தரவுத் துண்டுகளை எஸ்ஆர்டி திரும்பக் கேட்டு வாங்கும். அப்படி வாங்க அவகாசம் வேண்டும், அந்த அவகாசம்தான் இந்த 2 நொடி. அவசரப்பட்டுக் குறைத்தால் படத்தில் கட்டம் கட்டமாக விழும். இரண்டு நொடி தாமதம் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

பேட்டரி அமைப்பில் டெயில்ஸ்கேலுக்கும் லைவ் ஆப்புக்கும் கட்டுப்பாடு இல்லாமல் செய்யுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் போன் அவற்றை நிறுத்திவிடும்.

இந்த அளவில் மணிக்கு ஏறத்தாழ 1.2 ஜிபி செலவாகும். தினம் 2 ஜிபி பிளான் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. கூட வருபவர் போனில் வேறு நிறுவனத்தின் சிம் இருக்கட்டும். ஒன்று விழுந்தால் அடுத்தவர் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் போதும், அமைப்பில் எதையும் மாற்ற வேண்டாம். பவர் பேங்க் கட்டாயம்.

வீட்டில் கரண்ட்

கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு மோடத்தை மறந்துவிடுகிறார்கள். மோடம் அணைந்தால் கம்ப்யூட்டர் ஓடி என்ன பயன்? இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கம்ப்யூட்டர் தூங்கப் போகாமல் 'ஸ்லீப்'பை அணைத்து, விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். வீட்டில் தம்பியோ அக்காவோ யாராவது ஒருவர் ஓபிஎஸ்ஸைத் திரும்பத் தொடங்கத் தெரிந்தவராக இருந்தால் நிம்மதி.

ஒத்திகை

லைவை 'அன்லிஸ்டட்' ஆக (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) வைத்து வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்து நடந்து பாருங்கள். நடுவில் ஏரோபிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். அறிவிப்புப் படம் வந்து, பிறகு கேமரா தானாகத் திரும்புகிறதா? திரும்பவில்லை என்றால் டெயில்ஸ்கேல் பச்சையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

அன்றைக்கு

சிவாலய ஓட்டம் 12 கோவில்கள், இரவும் பகலும் நீளும். 12 மணி நேரத்துக்கு மேல் போகும் ஒரே லைவ் யூடியூபில் முழுதாகச் சேமிக்கப்படாது. ஏழாவது கோவிலான கல்குளம் வரை ஒன்று, மேலாங்கோட்டிலிருந்து திருநட்டாலம் வரை இன்னொன்று என்று பிரித்து, இரண்டு லிங்க்கையும் முந்தின நாளே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுங்கள். ஒலிபெருக்கியில் ஓடும் ரெக்கார்டு பாட்டுகளிலிருந்து தள்ளி நில்லுங்கள், காப்புரிமைக் காரணத்தால் யூடியூப் லைவை நிறுத்தக்கூடும். கோவிலுக்குள் படம் எடுக்கக் கூடாத இடத்தில் போனில் நிறுத்திக்கொள்ளுங்கள், வீட்டுக் கம்ப்யூட்டர் அறிவிப்புப் படத்தைப் பார்த்துக்கொள்ளும்.

முடிக்கும்போது போனை முதலில் நிறுத்துங்கள். அறிவிப்புப் படம் இரண்டு நிமிடம் ஓடட்டும். பிறகு ஓபிஎஸ்ஸில் நிறுத்தி, கடைசியாக யூடியூப் ஸ்டூடியோவில் 'எண்ட் ஸ்ட்ரீம்' அழுத்துங்கள். ஆட்டோ ஸ்டாப்பை அணைத்திருப்பதால் அதை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.