பலிகடா அல்ல, போக்காடு: பாவநிவாரண பலியைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஒருவர் செய்த தப்புக்கு இன்னொருவர் மாட்டிக்கொண்டால் 'பாவம், அவனைப் பலிகடா ஆக்கிட்டாங்க' என்கிறோம். இந்த நினைப்போடு, வேதாகமத்தில் பலிமுறைகளைச் சொல்லும் லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்துக்குள் போனால் முதல் அடியிலேயே சறுக்கும். ஏழாம் மாதம் பத்தாம் நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார்கள். கர்த்தருக்கென்று சீட்டு விழுந்த கடா பாவநிவாரண பலியாக வெட்டப்படும். அதன் இரத்தம் திரைக்கு உள்ளே, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனம் வரை போகும். மற்றதன் தலையில் பிரதான ஆசாரியனான ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து இஸ்ரவேலரின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிடுவான். அந்தக் கடாவுக்குப் பலிபீடத்தில் வேலையே இல்லை. ஓர் ஆள் அதை உயிரோடு வனாந்தரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான். (இரண்டாம் ஆலயக் காலத்தில் அதை மலைமுகட்டிலிருந்து தள்ளிவிட்டதாக மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அப்போதும் அது பீடத்துக்கு வரவில்லை.) தமிழ் வேதாகமம் இதற்கு வைத்த பெயர் 'போக்காடு'. பாவத்தைச் சுமந்த ஆடு பலியாகவில்லை. பலியான ஆட்டின் தலையில் யாரும் பாவத்தை அறிக்கையிடவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பாவநிவாரண பலி என்றாலே 'எனக்கு விழ வேண்டிய தண்டனை மிருகத்தின்மேல் விழுகிறது' என்று எடுத்துக்கொள்வது. அப்படியானால் 12ஆம் அதிகாரத்தை என்ன செய்வது? பிள்ளை பெற்ற தாயும் இதே பலியைக் கொண்டுவர வேண்டும். அவள் செய்த பாவம் என்ன? புதிதாகக் கட்டிய பலிபீடத்துக்கும் இதே பலி உண்டு (யாத்திராகமம் 29). மரமும் வெண்கலமும் பாவம் செய்யுமா? மூல மொழியான எபிரெயுவில் 'ஹத்தாத்' என்ற ஒரே சொல் பாவத்தையும் இந்தப் பலியையும் குறிக்கிறது; ஆனால் அதன் வினைச்சொல்லுக்குத் தூய்மையாக்குவது என்ற பொருளும் உண்டு. அதனால்தான் 'தூய்மைப் பலி' என்று சொல்வதே சரி என்று ஜேக்கப் மில்க்ரோம் என்ற யூத அறிஞர் வாதிட்டார். எனக்கும் அதுதான் பொருத்தமாகத் தெரிகிறது.

இரத்தம் எங்கே போகிறது என்று கவனித்தால் விஷயம் விளங்கும். இந்தப் பலியின் இரத்தத்தில் ஒரு துளிகூடப் பாவம் செய்தவன்மேல் தெளிக்கப்படுவதில்லை. சாதாரண குடியானவனோ பிரபுவோ தவறினால், வழிபாட்டுக் கூடாரத்தின் முற்றத்தில் உள்ள தகனபலிபீடத்தின் கொம்புகளில் பூசுவார்கள். பிரதான ஆசாரியனோ சபை முழுதுமோ தவறினால், கூடாரத்துக்குள் கொண்டுபோய்த் திரைக்கு முன் ஏழு தரம் தெளித்து, தூபபீடத்தின் கொம்புகளில் பூசுவார்கள். ஆண்டுக்கொரு நாள் திரையையும் தாண்டும். ஆள் பெரியவனாக ஆக, கறை உள்ளே உள்ளே போகிறது. இரத்தமும் அதைத் துரத்திக்கொண்டு போகிறது. கழுவப்படுவது ஆளைவிடவும் கர்த்தர் தங்கும் இடம். பாவநிவிர்த்தி என்று நாம் மொழிபெயர்க்கும் 'கிப்பேர்' என்ற சொல்லுக்குத் துடைப்பது என்றொரு பொருள் சொல்வார்கள். எபிரெயுவின் பழைய உறவு மொழியான அக்காடியத்தில் அதன் இனச்சொல்லுக்கும் அதுவே பொருள். குடியானவனின் பலியில் மிஞ்சும் இறைச்சியை ஆசாரியர்கள் சாப்பிடுவார்கள், அதுவும் 'மகா பரிசுத்தமானது' என்று. பாவம் முழுதும் அந்த மிருகத்துக்குள் இறங்கியிருந்தால் அதை வாயில் வைப்பார்களா?

இதற்கு நம் பேச்சில் கிட்ட வரும் சொல் 'தீட்டு'. ஆனால் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். லேவியராகமத்துத் தீட்டு பிறப்பால் ஒட்டுவதல்ல. பிரேதத்தைத் தொட்டவன், பிரசவித்தவள், சில நோய்கள் உள்ளவன் என்று யாருக்கும் வரும். ஆசாரியனும் தப்ப முடியாது. முறைப்படி போய்விடும்.

'ஆடு கொடுத்தால் என்ன செய்தாலும் தீர்ந்துவிடும்' என்று பரிகாரக் கணக்குப் போடுவதும் பொருந்தாது. 4ஆம் அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்வது அறியாமையினால் செய்த தவறுகளை. துணிகரமாய்ச் செய்தவன் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான் என்கிறது எண்ணாகமம் 15. நடுவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: பிறர் பொருளை அபகரித்துப் பொய்யாணையிட்டவனுக்குக் குற்றநிவாரண பலி. இது வேறு பலி. பாவநிவாரண பலியோடு சேர்த்துப் படிக்கக் கூடாது. அதிலும், எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உடையவன் கையில் கொடுக்கச் சொன்ன பிறகுதான் ஆட்டுக்கடா பேச்சே வருகிறது.

இன்னும் இரண்டு சின்னத் தவறுகள். குடியானவனின் மிருகத்தை வெட்டுவது ஆசாரியன் என்று நினைக்கிறோம். கொண்டுவந்தவனே அதன் தலையில் கைவைத்துத் தானே வெட்ட வேண்டும், ஆசாரியன் வேலை இரத்தத்தோடு தொடங்கும். இரத்தம் இல்லாமல் நடக்கவே நடக்காது என்றும் நினைக்கிறோம். 5ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்கு வழியில்லாதவனுக்கு இரண்டு காட்டுப்புறாக்கள் அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள்; அதற்கும் வழியில்லாதவனுக்கு ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு, ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும் அளவு. எண்ணெய் வார்க்கக் கூடாது, தூபவர்க்கம் போடக் கூடாது. அதுவும் பாவநிவாரண பலிதான். பிரசவித்த தாய்க்கும் இதே போன்ற சலுகை உண்டு. லூக்கா 2ஆம் அதிகாரத்தில் மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவோடு எருசலேமுக்கு வரும்போது ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேச்சில்லை, பறவை ஜோடி மட்டுமே இருக்கிறது. அந்த வீட்டின் வரும்படி அதிலேயே தெரிந்துவிடும்.