சின்னச் சலாகைக்கும் டூல்டிப்: டி3 வரைபில் தொட்டதும் விவரம் காட்டுவது எப்படி?

மட்டக்களப்பின் மாத மழையைச் சலாகை வரைபாகப் போட்டால் அதன் வடிவம் ஒரே பார்வையில் பிடிபடும். ஒக்டோபரில் ஏறத் தொடங்கி, நவம்பர், டிசம்பரில் உச்சிக்குப் போய், பெப்ரவரிக்குப் பிறகு இறங்கிவிடும். யூன், யூலைச் சலாகைகள் அடிக்கோட்டோடு ஒட்டிக் கிடக்கும். ஆனால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் சிறுபோகம் (வறண்ட மாதங்களின் நெற்செய்கை) செய்கிறவர் முதலில் தேடுவது அந்த ஒட்டிக் கிடக்கும் மாதங்களைத்தான். மழை எவ்வளவு கைகொடுக்கும், மிச்சத்துக்கு உன்னிச்சைக் குளத்தையோ நவகிரிக் குளத்தையோ எவ்வளவு நம்பியிருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்தச் சலாகையில் அவரால் விரலே வைக்க முடியாவிட்டால், நாம் எழுதி வைத்த டூல்டிப், அதாவது தொட்டதும் விவரம் காட்டும் சிறு பெட்டி, இருந்தும் பயனில்லை.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான விளக்கங்கள் சலாகைக்கு மேலேயே மவுஸ் நிகழ்வைக் கட்டச் சொல்கின்றன. பெரிய சலாகைக்கு அது சரி. நம்முடைய மழைக்குச் சரிவராது. கண்ணுக்குத் தெரியும் உருவம் வேறு, தொடுகிற இடம் வேறு என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதிலிருந்து வருபவைதான்.

டி3 (உலாவியில் வரைபு போட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வைத்து எஸ்விஜி (உலாவி வடிவங்களை வரையும் முறை) சலாகைகளை வரையும் வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே சொல்லிப் போகிறேன், நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள். பழகுவதற்கு 12 மாதங்களுக்கும் கைக்கு வந்த எண்களைப் போட்டுக்கொள்ளலாம். வெளியிடும்போது மட்டும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் தரவைப் பயன்படுத்துங்கள்.

எந்தக் கருவி?

என் தெரிவு டி3. மைக் பாஸ்டாக் 2011இல் வெளியிட்ட நூலகம் இது. கற்க நேரம் எடுக்கும், ஆனால் தொடும் இடம், தமிழ் எழுத்துரு, டூல்டிப் நிற்கும் இடம் எல்லாம் நம் கையில் இருக்கும். அவசரத்துக்கு ஒரு வரைபு போதும் என்றால் சார்ட்.ஜேஎஸ் நல்லது. அதில் இன்டராக்‌ஷன் என்ற அமைப்புக்குள் மோட் என்பதை இன்டெக்ஸ் என்றும், இன்டர்செக்ட் என்பதை ஃபால்ஸ் என்றும் வைத்தால், சலாகையைத் தொடாமல் அது நிற்கும் செங்குத்து நிரலில் எங்கு தொட்டாலும் விவரம் வரும். இந்த இரண்டையும் மாற்றாமல் சார்ட்.ஜேஎஸ் வரைபை வெளியிடாதீர்கள். கட்டளையே எழுத விருப்பமில்லாதவர்களுக்கு டேட்டாராப்பர், ஃப்ளரிஷ் இரண்டிலும் டூல்டிப் தயாராகவே இருக்கிறது.

படி 1: ஒரு மாதத்துக்கு இரண்டு செவ்வகம்

ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு ஜி கூட்டம் (உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் எஸ்விஜி உறை) போடுங்கள். அதற்குள் இரண்டு ரெக்ட். முதலாவது கண்ணுக்குத் தெரியும் சலாகை. இரண்டாவது வரைபின் மேலிருந்து அடி வரை முழு உயரத்துக்கும் நிற்கும், கண்ணுக்குத் தெரியாத நிரல். அதன் அகலத்துக்கு ஸ்கேல்பேண்டின் பேண்ட்வித்தை (சலாகையின் அகலம்) எடுக்காமல் ஸ்டெப்பை (சலாகையோடு இடைவெளியும் சேர்ந்த அகலம்) எடுங்கள். தொடக்கப் புள்ளியையும் இரண்டு சலாகைகளுக்கு இடையிலான இடைவெளியில் பாதி இடப்பக்கம் தள்ளுங்கள். அப்போதுதான் பக்கத்து நிரல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும். இடைவெளி இருந்தால் மவுஸ் அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வரைபு மினுங்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் ஆளைச் சுற்றவிடும். கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இரண்டாவது செவ்வகத்துக்கு ஃபில் நன் என்று கொடுத்தால், அதன் உட்பகுதி மவுஸ் நிகழ்வு எதையும் வாங்காது. எஸ்விஜியில் இயல்பாக, நிறம் தீட்டப்பட்ட பகுதிதான் நிகழ்வுகளைப் பிடிக்கும். நன் என்றால் தீட்டவே இல்லை என்று பொருள். ஃபில் டிரான்ஸ்பேரன்ட் என்று கொடுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், உலாவிக்கு வேறு வேறு. நன்னை விடவே முடியாது என்ற நிலை வந்தால் பாயிண்டர்-ஈவென்ட்ஸ் ஆல் என்று சேர்த்தாலும் வேலை செய்யும்.

படி 2: எடுத்துக்காட்டல், சிஎஸ்எஸ் போதும்

தொட்ட மாதத்தைத் தூக்கிக் காட்ட ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை. எல்லா மாதங்களையும் வைத்திருக்கும் வெளிக் கூட்டத்தின் மேல் ஹோவர் (மவுஸ் மேலே நிற்பது) வரும்போது அதற்குள் உள்ள சலாகைகளின் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மை) 0.35 ஆக்குங்கள். அடுத்த விதியில், ஹோவர் ஆன மாதத்தின் சலாகையை மட்டும் மீண்டும் 1 ஆக்குங்கள். இரண்டாவது விதி பலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் விதி அதை அமுக்கிவிடும். வெளிக் கூட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால் போதும்.

நிறத்தை மாற்றுவதைவிட மற்றவற்றை மங்கவிடுவதே எனக்குப் பிடிக்கும். உச்சி வெயிலில் வயல் வரம்பில் நின்று போனைப் பார்க்கிறவருக்கு நீலமும் கருநீலமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மங்கல் தெரியும். டிரான்சிஷன் வைப்பதானால் 150 மில்லிவினாடிக்கு மேல் வேண்டாம். தொட்டதும் பதில் வராத வரைபில் யாரும் இரண்டாம் தடவை விரல் வைக்க மாட்டார்கள்.

படி 3: டூல்டிப் பெட்டி

பெட்டியை எஸ்விஜிக்குள் வரையாதீர்கள். எஸ்விஜி டெக்ஸ்ட் தானாக வரி மடியாது. ‘மண்முனை தெற்கு எருவில் பற்று’ போன்ற ஒரு பிரதேச செயலகப் பிரிவின் பெயரை அதற்குள் அடக்கப் பார்த்தால் தெரியும். மாவட்டத்தின் 14 பிரிவுகளையும் வைத்து வரைபு போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சாதாரண எச்டிஎம்எல் டிவ் ஒன்றை உருவாக்கி பாடியின் கடைசியில் சேருங்கள். பொசிஷன் ஃபிக்ஸ்ட், மேக்ஸ்-வித் 220 பிக்சல், லைன்-ஹைட் 1.5. ஆங்கிலத்துக்கு அளவாக அமைத்த 1.2 வரி உயரத்தில் நம் எழுத்தின் மேற்கொம்பும் கீழ்வளைவும் அடுத்த வரியோடு முட்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

உள்ளே என்ன எழுதுவது? மூன்று வரிக்கு மேல் வேண்டாம். மாதம், மழை மில்லிமீட்டரில், அது பெரும்போகமா (மழைக்காலச் செய்கை) சிறுபோகமா என்பது. கண்ணில் படாமல் போகவே கூடாத செய்தியை டூல்டிப்பில் ஒளிக்காதீர்கள். பல வருட மழையை வரைகிறீர்கள், அதில் 1978 நவம்பர் வருகிறது என்றால், அந்த மாதம் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது என்பதை வரைபின் மேலேயே எழுதிவிடுங்கள். தொடாமலே போகிறவரும் அதைப் படிக்க வேண்டும்.

எழுத்தைப் போடும்போது எச்டிஎம்எல் முறையைத் தவிர்த்து டெக்ஸ்ட் முறையைப் பயன்படுத்துங்கள். வெளியாரிடம் இருந்து வரும் விரிதாளில் யார் என்ன எழுதியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

படி 4: நிகழ்வைக் கட்டுதல்

பாயிண்டர்என்டர், பாயிண்டர்மூவ், பாயிண்டர்லீவ் ஆகிய மூன்றையும் மாதக் கூட்டத்தில் கட்டுங்கள். முதலாவதில் பெட்டியை நிரப்பிக் காட்டுங்கள், இரண்டாவதில் நகர்த்துங்கள், மூன்றாவதில் மறையுங்கள். மவுஸ்ஓவர் வேண்டாம். அது உள்ளே இருக்கும் இரண்டு செவ்வகங்களுக்கு இடையே மவுஸ் நகர்ந்தாலும் திரும்பத் திரும்பக் கிளம்பும்.

பழைய விளக்கத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான். 2020இல் வந்த டி3 ஆறாம் பதிப்பு, நிகழ்வைக் கையாளும் முறையை மாற்றிவிட்டது. முன்பு செயற்பாட்டுக்கு முதலில் வருவது தரவு, நிகழ்வை டி3.ஈவென்ட் என்ற பொது இடத்தில் எடுக்க வேண்டும். இப்போது முதலில் வருவது நிகழ்வு, இரண்டாவதாகத் தரவு. டி3.ஈவென்ட் இல்லவே இல்லை, டி3.மவுஸுக்குப் பதில் டி3.பாயிண்டர். டூல்டிப்பில் மழைக்குப் பதிலாக அன்டிஃபைன்ட் என்று வந்தால், வேறு எங்கும் தேடாமல் அடைப்புக்குள் இருக்கும் அந்த இரண்டு பெயர்களின் வரிசையைப் பாருங்கள். அப்புறம், அம்புக்குறிச் செயற்பாடு எழுதினால் திஸ் என்பது தொட்ட உறுப்பைக் குறிக்காது. ஈவென்ட்.கரன்ட்டார்கெட் என்று எடுங்கள்.

சரி, ஓட்டிப் பார்க்கிறீர்கள். பெட்டி வருகிறது, ஆனால் துடிக்கிறது. வருவதும் போவதுமாக, மவுஸை அசைத்தால் இன்னும் மோசம். நடப்பது இதுதான்: பெட்டி மவுஸின் அடியிலேயே வந்து நிற்கிறது. உடனே மவுஸ் இருப்பது சலாகையின் மேல் அல்ல, பெட்டியின் மேல் என்று உலாவி முடிவு செய்கிறது. லீவ் கிளம்பிப் பெட்டி மறைகிறது. மறைந்ததும் மவுஸ் திரும்பவும் நிரலின் மேல், என்டர் கிளம்புகிறது, பெட்டி திரும்ப வருகிறது. நேர வரம்பு போட்டோ, பெட்டியைத் தூரத் தள்ளியோ இதை மறைக்கலாம், ஆனால் வேகமாக மவுஸை இழுத்தால் மீண்டும் துடிக்கும். சரியான மருந்து ஒரே வரி: டூல்டிப் டிவ்வுக்கு பாயிண்டர்-ஈவென்ட்ஸ் நன். பெட்டி கண்ணுக்கு இருக்கும், மவுஸுக்கு இருக்காது.

இடத்துக்கு, ஈவென்ட்.கிளையண்ட்எக்ஸ், கிளையண்ட்வை இரண்டோடும் 12 பிக்சல் கூட்டுங்கள். டிசம்பர் வலது ஓரத்தில் இருப்பதால் அதன் பெட்டி திரைக்கு வெளியே போய்விடும். கிளையண்ட்எக்ஸோடு பெட்டியின் ஆஃப்செட்வித்தைக் கூட்டிப் பார்த்து, அது விண்டோவின் இன்னர்வித்தைத் தாண்டினால் பெட்டியை மவுஸின் இடப்பக்கம் வையுங்கள். அகலத்தை அளக்கும் முன் பெட்டிக்குள் எழுத்தைப் போட்டிருக்க வேண்டும். வெறும் பெட்டியை அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார்: தனிப் பக்கத்தில் சரியாக வரும் பெட்டி, அவருடைய வலைப்பூவில் போட்டதும் அரைத் திரை தள்ளிப் போகிறதாம். அவர் பொசிஷன் அப்சலூட் வைத்து, டிவ்வைப் பதிவுக்குள்ளேயே சேர்த்திருந்தார். வலைப்பூ வார்ப்புருவில் பதிவைச் சுற்றிய பெட்டிக்கு பொசிஷன் ரிலேட்டிவ் இருந்தால், அப்சலூட் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும். ஃபிக்ஸ்டும் முழுக் காப்பு இல்லை. மேலே உள்ள ஏதாவது உறுப்புக்கு டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால் அதுவும் தள்ளிப் போகும். பாடியின் கடைசியில் நேரே சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஏறாவூரில் இருந்து வந்த கேள்வி இன்னும் முக்கியமானது: போனில் விரலை எடுத்ததும் பெட்டி மறைந்துவிடுகிறது. தொடுதிரையில் விரல் தூக்கினால் உடனே பாயிண்டர்லீவ் கிளம்பும், அதுதான் விதி. ஆகவே லீவ் செயற்பாட்டின் முதல் வரியில் ஈவென்ட்.பாயிண்டர்டைப் டச் என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள். மறைக்கும் வேலையை, வரைபுக்கு வெளியே தொடும்போது நடக்கும்படி டாக்குமெண்டில் கட்டுங்கள். இன்னொன்று, விரல் வைத்த இடத்திலேயே பெட்டியைக் காட்டினால் விரலே அதை மறைத்துவிடும். டச் என்றால் பெட்டியை வரைபின் மேல் விளிம்பில் நிலையாக வைப்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. கணினி உலாவியின் போன் பாவனை முறையை மட்டும் நம்பாமல், ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் கட்டாயம் பாருங்கள்.

மவுஸும் தொடுதிரையும் இல்லாமல் விசைப்பலகையால் நகர்கிறவர்களுக்கு, ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் டேப்இன்டெக்ஸ் 0 கொடுத்து, ஃபோக்கஸ், பிளர் நிகழ்வுகளையும் அதே செயற்பாடுகளோடு கட்டுங்கள். விசையிலிருந்து வரும் நிகழ்வில் கிளையண்ட்எக்ஸ் கிடையாது, எனவே இடத்தைக் கூட்டத்தின் கெட்பவுண்டிங்கிளையண்ட்ரெக்டில் இருந்து எடுங்கள். திரைவாசிப்பானுக்கு ஏரியா-லேபிள் எழுதுங்கள். எஸ்விஜியின் டைட்டிலைப் போட்டால் உலாவி தன்னுடைய டூல்டிப்பையும் காட்டி இரண்டு பெட்டியாக்கிவிடும்.

கடைசியாக வந்தது தரவைப் பற்றியது. சிஎஸ்வியில் ஒரு மாதம் வெற்றாக இருந்தால், முன்னால் கூட்டல் குறி போட்டு எண்ணாக்கும் வழக்கமான முறை அதை 0 ஆக்கிவிடும். டூல்டிப் ‘0 மி.மீ’ என்று சொல்லும். மழை பெய்யாத யூலையும் அளவு பதியாத யூலையும் ஒன்றல்ல. டி3.ஆட்டோடைப் கொண்டு வாசித்தால் வெற்றிடம் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) ஆகவே இருக்கும். அதைச் சோதித்து, சலாகை வரையாமல், டூல்டிப்பில் ‘தரவு இல்லை’ என்று எழுதுங்கள். தொடும் நிரல் அந்த மாதத்துக்கும் முழு உயரத்தில் நிற்பதால், சலாகையே இல்லாத இடத்தில் விரல் வைத்தாலும் பதில் வரும்.