ஹெரால்டு சேஸ் நேராக இருக்கிறதா? ஒரு தூக்குக்குண்டு போதும்

நான் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன், மெக்கானிக் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டுப் போர்ட்டிகோவில் 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. அது பிறந்த தொழிற்சாலை இருந்த இடமும் தூரமில்லை, பெருங்களத்தூரைத் தாண்டினால் வண்டலூர் பக்கம். வாங்கிய அன்றே ஒன்று உறுத்தியது. பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இடப்பக்கம் பென்சில் நுழைகிறது. வலப்பக்கம் விசிட்டிங் கார்டுகூட நுழையவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் "சேஸ் வளைஞ்சிருக்கும் சார்" என்றார்கள். சேஸ் என்றால் வண்டியைக் கீழே தாங்கும் இரும்புச் சட்டகம். ஒரு பட்டறையில் சேஸையே மாற்றச் சொன்னார்கள். டேப்பைக் கையில் எடுத்தவர் ஒருவருமில்லை.

அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பாடிதான் எலும்பு. ஹெரால்டில் சேஸ் தனி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஆலையை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடி அடித்துத் தர ஆள் கிடைக்காமல், துண்டு துண்டாகச் செய்து சேஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டும் வழிக்கு ஸ்டாண்டர்டு கம்பெனி போனது. நமக்கு அதில் லாபம், குழப்பம் இரண்டும் உண்டு. சேஸைக் கீழிருந்து நேரடியாக அளக்கலாம். ஆனால் பாடித் துண்டுகள் நகரக்கூடியவை என்பதால், இடைவெளி சரியில்லை என்பதை மட்டும் வைத்து சேஸ் மேல் பழி போட முடியாது.

முதலில் துரு. நடுவில் ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்கள் முதுகெலும்பு என்றால், பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள் விலா. அரிப்பது பெரும்பாலும் விலாவில்தான். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்ல தகடு. சத்தம் அமுங்கினால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் அளவெடுப்பதைத் தள்ளிவையுங்கள். ஓட்டைத் தகட்டை அளந்து என்ன பயன்?

வண்டியைத் தூக்கும்போது ஹாலோ பிளாக், செங்கல் எதையும் அடியில் கொடுக்காதீர்கள். எங்கள் தொழில் சாமான்தான், இருந்தும் சொல்கிறேன்: திடீரென்று நொறுங்கும். நல்ல ஆக்சில் ஸ்டாண்டு வேண்டும். பின்னால் இரண்டு ஸ்டாண்டு. முன்னால் நடுக் குறுக்குச் சட்டத்தின் கீழ் மரக்கட்டை வைத்து ஒரே ஜாக்கி. பக்கத்தில் பாதுகாப்புக்கு இரண்டு ஸ்டாண்டு, சேஸைத் தொட்டும் தொடாமலும். நாலு மூலையிலும் முட்டுக் கொடுத்தால், ஒரு முட்டு உயர்ந்தாலும் சேஸ் முறுக்கிக்கொள்ளும். மூன்று இடத்தில் நின்றால் அதன் சொந்த வடிவத்தில் நிற்கும்.

இப்போது அஸ்திவாரம் மார்க் செய்கிற அதே வேலை. இடமும் வலமும் ஜோடியாக இருக்கும் ஓட்டைகளைத் தேர்ந்தெடுங்கள்: சஸ்பென்ஷன் போல்ட், பாடி போல்ட், பின் ஸ்பிரிங் பக்கம். நான் ஆறு ஜோடி எடுத்தேன். ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, தரையில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் கூர்ப் பென்சிலால் கூட்டல் குறி. ஃபேனை நிறுத்திவிடுங்கள். முதல் நாள் எனக்கு 9 மி.மீ. வித்தியாசம் காட்டி வயிற்றைக் கலக்கியது மேலே சுற்றிய ஃபேன்தான்!

தரை கொஞ்சம் சரிவாக இருந்தால் பரவாயில்லை. இரண்டரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு, நீள அளவை ஒரு தலைமுடி அளவுகூட மாற்றாது. உயரத்துக்கு மட்டும்தான் தரையை நம்பக்கூடாது.

வண்டியை இறக்கித் தள்ளிவிட்டால் சேஸின் வரைபடம் தரையில் கிடக்கும். மூலைக்கு மூலை அளங்கள். ஸ்டீல் டேப்பின் கொக்கி ஆடும், அதனால் 10 செ.மீ. கோட்டிலிருந்து ஆரம்பித்துக் கடைசியில் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துப்போனால், ஒரு சட்டம் மற்றதைவிடப் பின்னே தள்ளப்படவில்லை என்று அர்த்தம். ஒரு நூல், அதாவது 3 மி.மீ., வரை நான் கண்டுகொள்வதில்லை. அந்தக் கால வெல்டிங்குக்கு அது நியாயம். இரண்டு நூலைத் தாண்டினால் மறுபடி அளப்பேன். மறுபடியும் அதே கணக்கு வந்தால்தான் கவலைப்படுவேன். முதல் ஜோடிக்கும் கடைசி ஜோடிக்கும் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். அடுத்தடுத்த ஜோடிகளுக்கு நடுவிலும் எடுத்தால்தான் எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று தெரியும்.

அடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் நடுப்புள்ளி குறித்து, முன்னிருந்து பின்வரை நைலான் நூலை இழுத்துக் கட்டுங்கள். எல்லாப் புள்ளியும் நூலடியில் விழவேண்டும். ஏதாவது ஒன்று விலகினால் அங்கே பக்கவாட்டு வளைவு.

முறுக்கைப் பார்க்க வண்டி மேலே இருக்கும்போதே டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப். பின் ஜோடியை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு முன் ஜோடியின் இரு பக்கத்தையும் பாருங்கள். தண்ணீரில் குமிழி இருந்தால் பொய் சொல்லும்.

சக்கர மையத்திலிருந்து மையம் 91.5 அங்குலம். இரு பக்கமும் அளந்து பாருங்கள், ஆனால் வித்தியாசம் வந்ததும் சேஸைத் திட்டாதீர்கள். சஸ்பென்ஷன் பிராக்கெட்டில் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) கூடக்குறைய இருந்தாலும் சக்கரம் நகரும்.

என் வண்டியில் ஐந்து ஜோடி வரை குறுக்களவு 2 மி.மீ.க்குள் நின்றது. ஆறாவது, பானெட் கீல் மாட்டும் மூக்குப் பகுதியில், வலப்பக்கம் 8 மி.மீ. குட்டை. எந்தக் காலத்திலோ வலது மூலையில் முட்டியிருக்கிறார்கள். வேறொரு பட்டறைக்கு அந்த அளவுத் தாளோடு போனேன். மூக்கை மட்டும் இழுத்து நிமிர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து திரும்ப அளந்தேன், ஒரு நூலுக்குள் வந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் பென்சில் நுழைகிறது. இடப்பக்கக் கதவு மட்டும் இன்னும் இடிக்கிறது, அது கீல் தேய்மானம்.