ஸ்ட்ரெய்ட்னரை விட்ட பிறகும் முடி நீளவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ரெய்ட்னரையும் கர்லிங் ராடையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இனி முடி தானாக நீளும் என்று காத்திருக்கும் பெண்களில் பலர், ஐந்தாறு மாதம் கழிந்தும் முடி அதே தோளளவிலேயே நிற்பதைக் கண்டு மனம் சோர்ந்து பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் எடுத்த முடிவு சரியானதுதான். அதிலிருந்து எதிர்பார்த்தது மட்டுமே பிசகு. முடி வளர்வது தலைத்தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்காலில். அங்கு ஸ்ட்ரெய்ட்னரின் சூடு போய்ச் சேர்வதில்லை. அதனால், சூடு வைத்தாலும் வைக்காவிட்டாலும் முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். சூடு பாழாக்குவது ஏற்கெனவே வளர்ந்து வெளியே தொங்கும் நீளத்தை. வேரில் 1 சென்டிமீட்டர் வளர்ந்து நுனியில் அதே அளவு ஒடிந்துகொண்டிருந்தால், ஆண்டுக்கணக்கில் முடி ஒரே இடத்தில்தான் நிற்கும். சூட்டை விடுவதன் பயன் அந்த நுனி இழப்பைக் குறைப்பதே. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால், பலரும் செய்யும் தவறுகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கும்.

முதல் தவறு, கெட்டுப்போன முடி சில மாதங்களில் தேறிவிடும் என்று நம்புவது. முடியின் வெளிப்புறத்தில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள் உள்ளன. உள்ளே கெரட்டின் என்ற புரதத்தின் இழைகள் உள்ளன. தலைத்தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிரணு எதுவும் இல்லாததால், தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் அது ஆறுவதற்கு வழியே இல்லை. உலர்ந்த முடியில் சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கித் தாண்டும்போது கெரட்டினின் அமைப்பே குலையத் தொடங்குகிறது. ஈரமான முடிக்கு அதைவிட மிகக் குறைந்த சூடே போதும். அரைகுறையாக உலர்ந்த முடியின்மேல் ஸ்ட்ரெய்ட்னரை வைத்தால் ‘சுர்’ என்று ஒரு சத்தம் வருமே, அது பெரும்பாலும் முடியில் இருக்கும் நீர் ஆவியாகும் சத்தம். இழைக்குள் சிக்கிய நீர் அப்படிக் கொதிக்கும்போது அங்கே நுண்ணிய குமிழிகள் உண்டாகின்றன. பின்னாளில் முடி அந்த இடத்தில்தான் ஒடிகிறது. கடைகளில் கிடைக்கும் சீரம்கள் பெரும்பாலும் சிலிக்கோனால் செதில்களுக்கு மேலே ஒரு மெல்லிய பூச்சைத் தருகின்றன. சிக்கு குறையவும் உராய்வு குறையவும் அது உதவும் என்பதால் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் அந்தப் பூச்சைக் குணமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 1 சென்டிமீட்டர் என்றால், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது இரண்டரை ஆண்டு. இடுப்பைத் தொடும் 70 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டு. கல்லூரியில் படித்த காலத்தில் வாரம் மூன்று முறை தேய்த்த சூடு, வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடக்கும்போதும் அந்த நுனியில் இருக்கிறது. எனவே சூட்டை நிறுத்திய முதல் ஓராண்டில் புதிதாக வளரும் 12 சென்டிமீட்டர் மட்டுமே சேதமில்லாத முடி. மீதி நீளத்தைக் குணப்படுத்த முடியாது, மேலும் கெடாமல் காக்கலாம்; படிப்படியாக வெட்டியும் விடலாம்.

நுனி வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பது உண்மையில்லை. கத்தரிக்கோல் படுவதை மயிர்க்கால் அறியாது. ஆனால் அதைச் சாக்காக வைத்து வெட்டவே மாட்டேன் என்று இருப்பதும் தவறு. இரண்டாகப் பிளந்த நுனியை விட்டுவைத்தால் பிளவு மேல்நோக்கி ஏறிச் செல்லும். ஒரு சென்டிமீட்டரோடு போயிருக்க வேண்டியது மூன்று சென்டிமீட்டரை இழப்பதில் முடியும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 1 சென்டிமீட்டர் அளவுக்கு நுனியை நீக்கினாலும், மாதக் கணக்கில் நீளம் கூடிக்கொண்டுதான் இருக்கும். பார்லரில் “கொஞ்சமாக வெட்டுங்கள்” என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு என்பதை விரலால் தொட்டுக் காட்டிவிடுவது நல்லது.

சுருட்டை முடியும் அலைபாயும் முடியும் உள்ளவர்களுக்கு இந்த இடைக்காலம்தான் மிகவும் கடினமானது. வேரிலிருந்து வருவது இயல்பான சுருளுடன் வரும். பழைய நீளமோ சூட்டில் சுருளை இழந்து, நனைத்தாலும் வளையாமல் துவண்டு தொங்கும். ஒரே தலையில் இரு வகை முடி இருப்பது கண்ணாடியில் பார்க்கச் சங்கடமாக இருக்கும் என்பது உண்மையே. மேல்பகுதியையும் ஒருமுறை நேராக்கிவிட்டால் ஒன்றுபோல் ஆகிவிடுமே என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் மீண்டும் ஸ்ட்ரெய்ட்னரைக் கையில் எடுக்கிறார்கள். அதனால் கெடுவது, இத்தனை மாதம் காத்து வளர்த்த நல்ல முடி. புதியதும் பழையதும் சந்திக்கும் இடம் வலுக்குறைந்தது, சீப்பு அங்கேதான் மாட்டும். அந்த மாதங்களில் தளர்வான பின்னலோ, பெரிய கிளிப்பில் நிறுத்திய கொண்டையோ போட்டுக்கொண்டால் வேறுபாடும் தெரியாது, உராய்வும் குறையும்.

சூட்டை விட்டவர்கள் செய்யும் தவறுகளிலேயே எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஸ்ட்ரெய்ட்னருக்குப் பதிலாக ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று போவது. “ஒருமுறை செய்துவிட்டால் தினமும் சூடு வைக்க வேண்டியதில்லை” என்ற பேச்சு நியாயமாகவே ஒலிக்கிறது. ரீபாண்டிங்கில், முடிக்கு அதன் வடிவத்தைத் தரும் கந்தகப் பிணைப்புகளை மருந்து முறித்துவிடுகிறது. அதன் பிறகு கற்றை கற்றையாக எடுத்து அதிகச் சூட்டில் அழுத்தித் தேய்க்கிறார்கள். கெரட்டின் ட்ரீட்மென்ட்டிலும் அதே சூட்டுத் தேய்ப்பு உண்டு. போதாக்குறைக்கு, சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளியாகிறது. பார்லரில் கண் எரிந்து நீர் வடிவது அதனாலாக இருக்கலாம். கிளைஆக்ஸிலிக் அமிலம் கலந்த நேராக்கும் கிரீம்களைப் பயன்படுத்திய பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் வந்துள்ளன. முடியை மீட்க நினைப்பவர் தேடிப் போக வேண்டிய இடம் இதுவன்று.

அடுத்தது, ஈர முடியைக் கையாளும் முறை. முடி நனைந்ததும் அதனுள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, இழை அதிகம் நீளவும் எளிதில் அறுபடவும் தொடங்குகிறது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து சொரசொரப்பான துண்டால் பரபரவென்று தேய்ப்பது, துண்டோடு சேர்த்து முறுக்கிக் கொண்டை போடுவது, அவசரத்தில் உச்சியிலிருந்து சீப்பை இழுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து, ஸ்ட்ரெய்ட்னரை விட்டதால் மிஞ்சிய நீளத்தைப் பறித்துக்கொள்ளும். பழைய பருத்திப் புடவைத் துணியாலோ பனியன் துணியாலோ ஒற்றி எடுத்து, விரல்களால் கோதி, ஓரளவு உலர்ந்ததும் அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கிச் சிக்கெடுத்துக்கொண்டே மேலே வர வேண்டும். சுருட்டை முடிக்கு மட்டும் இது மாறும்: அதைக் காய்ந்த பின் சீவினால்தான் அதிகம் ஒடியும், ஆகவே கண்டிஷனர் பூசிய ஈர முடியிலேயே பொறுமையாகச் சிக்கெடுப்பது நல்லது.

சூடில்லாமல் சுருள் வரவழைப்பதற்காக ஈர முடியைத் துணிப்பட்டையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு இரவு முழுவதும் தூங்குவதும் இந்த வகையில் சேரும். முக்கால் பங்கு உலர்ந்த முடியைத் தளர்வாகச் சுற்றினாலே காலையில் அலை நிற்கும். இறுக்கிச் சுற்றினால், ஈரத்தில் நெகிழ்ந்த இழையும் இழுபடும், நெற்றியோரத்து வேரும் இழுபடும். தினமும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டும் குதிரைவால், சவுரி வைத்துப் பின்னும் கனமான சடை ஆகியவற்றால் வகிட்டோரமும் நெற்றியோரமும் மெலிந்துபோகும் நிலைக்கு ‘டிராக்‌ஷன் அலோபீசியா’ என்று பெயர். நெடுங்காலம் தொடர்ந்தால் அங்கு முடி திரும்ப முளைப்பதே இல்லை.

டிரையரை அறவே தொடக்கூடாது என்பதும் மிகையான கட்டுப்பாடு. 2011இல் வெளியான தென்கொரிய ஆய்வு ஒன்றில், டிரையரின் சூடு கூடக்கூட முடியின் மேற்பரப்பு அதிகம் சேதமடைந்தது. ஆனால் தானாக உலரவிட்டு நெடுநேரம் ஈரத்தில் இருந்த முடியில்தான், செதில்களுக்கு இடையே பசைபோல் இருக்கும் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தினால் பாதிப்பு குறைவு என்பது அவர்கள் கண்ட முடிவு. மழைக்காலத்திலும், விடியற்காலையில் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்களும் குளிர்ந்த காற்றில் அப்படி உலர்த்திக்கொள்வதே ஈரத்தோடு பின்னிக்கொண்டு போவதைவிட மேல். உச்சிவெயிலில் மொட்டை மாடியில் மணிக்கணக்காக விரித்துக் காயவைப்பதைத் தவிர்க்க வேண்டும், புற ஊதாக் கதிரும் முடியின் புரதத்தைச் சிதைக்கக் கூடியதே. சாம்பிராணி போடுபவர்கள் தணலுக்கு மிக அருகில் முடியைக் காட்டக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் புகையையே தவிர்ப்பது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் உறுதியான பொருள் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவக்கூடியது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில், முடி புரதத்தை இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு, முக்கியமாக நுனிப் பாதிக்குத் தடவிச் சிக்கெடுத்துவிட்டுக் குளித்தால் அந்தப் பலன் கிடைக்கும். வாரம் முழுவதும் எண்ணெய் வழியத் தலையைப் போட்டுவைப்பது வேறு. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பை உண்டு வளர்வது, எனவே பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடக் கூடாது.

வீட்டுத் திருமணம் வருகிறது, ஒருநாள் மட்டும் நேராக்கிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு, நன்றாக உலர்ந்த முடியில், வெப்பப் பாதுகாப்பு ஸ்பிரே அடித்து, 150 டிகிரி அளவில், ஒரு கற்றைக்கு ஒரே இழுப்பு என்பதோடு நிறுத்துங்கள் என்றே சொல்வேன். ஒருநாள் சூட்டால் எல்லாம் பாழாகிவிடாது. “அதுதான் கெட்டுவிட்டதே” என்று மறுவாரமும் தொடர்வதால்தான் பாழாகிறது.

கடைசியாக, முடி ஒடிவதையும் கொட்டுவதையும் ஒன்றாக எண்ணுவது. சீப்பில் வந்த முடி ஒன்றை எடுத்து வெள்ளைத் துணியின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் ஊசிமுனை அளவுக்கு வெளிறிய சிறு குமிழ் தெரிந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழே இல்லாமல் குட்டையாக இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. ஒடிந்த இழையை விரல்களுக்கு இடையே வைத்து மெல்ல வருடினால், சில இடங்களில் வெண்புள்ளிபோல் முடிச்சு தட்டுப்படும். அடுத்து ஒடியவிருக்கும் இடம் அது. ஒடிவது அதிகமாக இருந்தால் மேலே சொன்னவற்றைத் திருத்தினால் போதும். குமிழோடு கொத்துக் கொத்தாகக் கொட்டினால், சூட்டை விட்டோ விடாமலோ பயனில்லை. டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டுவதுண்டு. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் காரணமாகலாம். தோல் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய கட்டம் அது. அதற்கு முன்பே பலர் பயோட்டின் மாத்திரையைத் தாங்களாக வாங்கி விழுங்கத் தொடங்கிவிடுகிறார்கள். உடலில் பயோட்டின் குறைவு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையின் முடிவையே அது தவறாகக் காட்டிவிடக்கூடும் என்பதால், ரத்தம் கொடுக்கும் முன் அந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.